சக்கேயுவின் கணக்கு

ஒரு குழந்தைக்கு இழைத்த கொடுமையை மன்னிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? கடவுளுக்கு இருக்கிறது, அவர் பெயரால் குருவுக்கு இருக்கிறது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. பாவசங்கீர்த்தனம் நடக்கும் இடத்தில் இரண்டே பேர்: தவறு செய்தவர், அதைக் கேட்கும் குரு. அடிபட்டவர் அங்கே இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கணக்கு தீர்ந்துவிடுகிறது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை உள்ளவர்களும் இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு தனி மனிதரின் பொய்யும் களவும் அதில் நழுவினால் சேதம் சிறிது. ஒரு நிறுவனமே ஒரு மக்களினத்தின் பிள்ளைகளைப் பறித்துவிட்டு, பிறகு நல்லிணக்கம் பேச வரும்போது அந்த ஓட்டை வழியே ஒரு நூற்றாண்டு நழுவிவிடும்.

கனடாவைப் பற்றித்தான் சொல்கிறேன். 1880கள் தொடங்கி 1990களின் இறுதி வரை அங்கே தொல்குடிப் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளிகள் இருந்தன. 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் அடைக்கப்பட்டார்கள். பணமும் சட்டமும் அரசுடையவை. நடத்தியவை பெரும்பாலும் திருச்சபைகள். கத்தோலிக்கர்கள் நடத்தியவை பாதிக்கும் மேல். மற்றவை ஆங்கிலிக்கன், ஐக்கிய திருச்சபை, பிரஸ்பிட்டேரியன் சபைகளின் கையில் இருந்தன. பிள்ளைகளை அனுப்பியே தீர வேண்டும் என்று 1920-இல் சட்டம் வந்தது. அனுப்ப மறுத்த வீட்டு வாசலுக்குப் போலீஸ் வந்தது. வந்து சேர்ந்த பிள்ளையின் முடியை வெட்டினார்கள், வீட்டிலிருந்து உடுத்தி வந்ததைக் கழற்றினார்கள், பல பள்ளிகளில் பெயருக்குப் பதில் எண் கொடுத்தார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்ததால், தலை எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது பள்ளிகளின் கவலையாயிற்று. காசநோய் கண்ட பிள்ளைகளும் நோயற்ற பிள்ளைகளும் ஒரே கூடத்தில் நெருக்கிப் படுக்கவைக்கப்பட்டார்கள்.

இது அப்போது யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. பீட்டர் பிரைஸ் என்ற அரசு மருத்துவர் 1907-இல் மேற்குப் பகுதிப் பள்ளிகளைச் சோதித்து அறிக்கை கொடுத்தார். அவருக்குக் கணக்குக் கிடைத்த பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய கால் பங்கினர் இறந்திருந்தார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது. திருச்சபைகளின் மேலிடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தொல்குடித் துறையில் அதிகாரம் செலுத்திய டங்கன் கேம்பல் ஸ்காட், பள்ளிகளில் பிள்ளைகள் கூடுதலாகச் சாகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டே, அதற்காகக் கொள்கையை மாற்ற வேண்டியதில்லை என்று எழுதினார். பிரைஸின் ஆய்வுக்குப் பணம் நின்றது. பதவியிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட பிறகு, 1922-இல், அவர் ஒரு சிறு நூலாக உண்மையை அச்சிட்டு விற்றார்.

இந்தப் பள்ளிகளை விசாரித்த உண்மை கண்டறியும் ஆணையம் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு கணக்கு. பதிவேடுகளில் காணப்பட்ட மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், செத்த பிள்ளையின் பெயரே எழுதப்படவில்லை. எழுதத் தெரியாதவர்கள் நடத்திய பள்ளிகளா அவை? ஞானஸ்நானம் கொடுத்த நாள், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், கொடுத்த குருவின் கையொப்பம் என்று ஒன்றும் விடாமல் ஏட்டில் ஏற்றிப் பல நூற்றாண்டு பழக்கப்பட்டவர்கள். ஆன்மா உள்ளே வந்தபோது பதிந்த பெயர், உடல் குழிக்குள் போனபோது தேவைப்படவில்லை. உடலை ஊருக்கு அனுப்பும் செலவை அரசு பொதுவாக ஏற்கவில்லை. பள்ளியின் அருகிலேயே புதைத்தார்கள். பல தாய்மாருக்குப் பிள்ளை எந்த மண்ணில் கிடக்கிறது என்பதே தெரியவில்லை.

சேனி வென்ஜாக் என்ற பையனுக்கு வயது 12. ஒண்டாரியோவில் கெனோரா நகரின் அருகே, பிரஸ்பிட்டேரியன் சபையினர் நடத்திய செசிலியா ஜெஃப்ரி பள்ளியில் இருந்தான். ஆசிரியர்கள் அவனுக்கு இட்டு அழைத்த பெயர் சார்லி. 1966 அக்டோபர் 16 அன்று வேறு இரு பையன்களுடன் பள்ளியை விட்டு ஓடினான். வீடு 600 கிலோமீட்டர் தொலைவில். எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியாது. ரயில் பாதையைப் பிடித்து நடந்தால் போய்விடலாம் என்று நினைத்தான். பனியும் மழையும் கலந்து பெய்யும் காலம். மேலே ஒரு மெல்லிய சட்டை. ஒரு வாரம் கழித்துத் தண்டவாளத்தருகே அவன் உடலை ரயில்காரர்கள் கண்டார்கள். அவனிடம் இருந்தது ஒரே பொருள்: திருகு மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டி, உள்ளே சில தீக்குச்சிகள்.

அந்தப் பள்ளியில் அவனை யாரும் வெறுத்திருக்க வேண்டும் என்பதில்லை. இதைத்தான் நாம் விழுங்க மறுக்கிறோம். கெட்ட குருக்கள் சிலர், கொடூரமான கன்னியர் சிலர், காமுகரான விடுதிக் காப்பாளர் சிலர் என்று பட்டியல் போட்டுவிட்டால் மனம் நிம்மதியடைகிறது. அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். சிலர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். ஆனால் அவர்கள் ஒருவர்கூட இல்லாமல் இருந்தாலும் சேனி வீட்டுக்குத்தான் ஓடியிருப்பான். குற்றம் அந்த அமைப்பின் நல்லெண்ணத்திலேயே இருந்தது. உண்மை ஒன்றுதான், அது எங்களிடம்தான் இருக்கிறது, அது கிடைக்காதவன் நரகத்துக்குப் போவான் என்று மனதார நம்புகிறவருக்கு, ஆறு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது கருணையாகவே தோன்றும். நரகத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கண்ணீரும் சிறிதுதானே.

ஆல்பர்ட் லக்கோம் என்ற கத்தோலிக்கத் துறவியின் வாழ்க்கையைப் பாருங்கள். கிரீ மக்களோடு பழகி, அவர்கள் மொழியைக் கற்று, 1874-இல் அம்மொழிக்கு ஓர் அகராதியே அச்சிட்டவர். அவர்களை நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே மனிதர்தான் 1884-இல் ஆல்பர்ட்டா பகுதியில் திறந்த டன்போ தொழிற்பள்ளியின் முதல் தலைவர். பெற்றோர் பிள்ளைகளை விட மறுத்தபோது, கட்டாயப்படுத்த அதிகாரம் வேண்டும் என்று அரசிடம் கேட்டார். ஒரு மொழிக்கு அகராதி செய்த கையே, அந்த மொழி பேசும் வாய்களை மூடவைத்த பள்ளியின் சாவியையும் பிடித்திருந்தது.

அவர் சேர்ந்திருந்த சபை நமக்கு அந்நியமானதல்ல. அமலமரித் தியாகிகள் சபை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் புனித பத்திரிசியார் கல்லூரியை நினைப்பார்கள். தமிழ்ச் சொற்களின் வேர் தேடி அகராதி செய்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் இந்தச் சபைத் துறவிதான். மார்சேய் நகர ஆயராக இருந்த யூஜின் தெ மசனோ தொடங்கிய சபை, 1841-இல் கனடாவுக்கும் 1847-இல் இலங்கைக்கும் ஆட்களை அனுப்பியது. ஒரே நிறுவனர், ஒரே விதிநூல், ஒரே ஜெபம். கனடாவில் அவர்கள் 48 விடுதிப் பள்ளிகளை நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களிடம் படித்தவர் இன்றும் நன்றியோடு பேசுகிறார்; கனடாவில் படித்தவர் எழுபது வயதிலும் இரவில் அலறி எழுகிறார். ஏன் இப்படி?

அங்கே போனவர்கள் மிருகங்கள், இங்கே வந்தவர்கள் மகான்கள் என்பது பதிலாகாது. யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்குப் பிடிக்காவிட்டால் பிள்ளையை நிறுத்திவிடலாம். 1848-இலேயே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி திறந்துவிட்டார். நாவலரின் சாதிப் பார்வை எனக்கு ஒருபோதும் ஏற்புடையதல்ல. ஆனால் ஒருவர் எழுந்து நின்று வேறு கதவைத் திறக்க முடிந்தது என்பது பெரிய விஷயம். தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்குப் போனதும் பெற்றோர் விரும்பி அனுப்பியதால்தான். கனடாவில் எருமைக் கூட்டங்கள் அழிந்து, ஊர்கள் பசியில் கிடந்தன. உணவுப் பங்கீடு அரசின் கையில் இருந்தது, சட்டம் அரசின் கையில் இருந்தது, தொல்குடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்தை விட்டு வெளியே போகவே அனுமதிச் சீட்டு கேட்ட காலமும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் வழி எல்லாப் பக்கமும் அடைபட்டிருந்தது. நம்மைக் காப்பாற்றியது பாதிரியாரின் நல்ல குணம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். மறுக்க நமக்கு இருந்த வலுதான் காப்பாற்றியது. அந்த வலு இல்லாத இடத்தில் அதே நல்ல குணம் என்ன செய்யும் என்பதற்குக் கனடா சாட்சி.

என்னைப் போன்ற பகுத்தறிவாளர்கள் இந்த இடத்தில் உற்சாகமடைந்து, மதம் இருந்ததால் வந்த வினை என்று முடித்துவிடக் கூடாது. 1948 முதல் 1952 வரை ஆறு விடுதிப் பள்ளிகளில் ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள் மீது சத்துணவு ஆராய்ச்சி நடந்தது. நடத்தியவர்கள் விஞ்ஞானிகள். பிள்ளைகள் பட்டினியில் இருக்கிறார்கள் என்று தெரிந்தும், சோறு போடச் சொல்லவில்லை. அளந்து பார்க்க நல்ல வாய்ப்பு என்று கண்டார்கள். ஆல்பெர்னி பள்ளியில், தேவையான பாலில் பாதிக்கும் குறைவாகவே இரண்டு ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள், பின்னால் கூட்டிக் கொடுத்தால் தெரியும் மாற்றத்தை ஒப்பிடுவதற்காக. அந்த ஆராய்ச்சியில் சிலுவையும் இல்லை, நரகமும் இல்லை. உன் நன்மை எனக்குத் தெரியும், உன்னைக் கேட்க வேண்டியதில்லை என்ற அதே எண்ணம் வெள்ளை அங்கிக்குள் இருந்தது. முன்னேற்றத்தின் பெயரால் பழங்குடிப் பிள்ளைகளை ஊரிலிருந்து பெயர்த்தெடுக்கும் எந்த நாத்திகரும் எந்த அரசும் இந்தக் குற்றக் கூண்டில் ஏறத்தான் வேண்டும்.

இனி மன்னிப்புக்கு வருவோம். ஐக்கிய திருச்சபைதான் முதலில் கேட்டது, 1986-இல், சட்பரி நகரில். தொல்குடிப் பெரியவர்கள் மாநாட்டு மண்டபத்தில் உட்காரவில்லை. வெளியே வாகனம் நிறுத்தும் திடலில் தோல் கூடாரம் அமைத்துக் காத்திருந்தார்கள். சபைத் தலைவர் ராபர்ட் ஸ்மித் அங்கே நடந்து போய் மன்னிப்புக் கேட்டார். பெரியவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள், மகிழ்ச்சியும் அடைந்தார்கள். ஏற்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல், தொல்குடிச் சபையினர் மறுமொழி தந்தபோதும் நிலை அதுதான்: நீங்கள் சொன்னதை அறிவோம், அதன்படி நடப்பதைப் பார்ப்போம். அந்த நாளின் நினைவாக அடுக்கத் தொடங்கிய கற்குவியலையும் முடிக்காமலே விட்டுவிட்டார்கள்.

இந்த வரலாற்றில் நான் மிக மதிக்கும் நிகழ்ச்சி இதுவே. நூறு ஆண்டுகளில் முதல் தடவையாக, ஒரு திருச்சபை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்கள்; சொன்னார்கள்; திருச்சபையும் அதைத் தாங்கிக்கொண்டது. மறுக்கக்கூடிய மன்னிப்பே மன்னிப்பு. கேமரா சுற்றி நிற்க, பாடகர் குழு தயாராக இருக்க, ஏற்புரை முன்பே அச்சடித்திருக்க நடப்பது இன்னொரு சடங்கு. அங்கே பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்திருக்கும் வேடம் ஒன்றே ஒன்று, கண்கலங்கித் தலையாட்டுவது.

பிறகு வரிசையாகக் கேட்டார்கள். அமலமரித் தியாகிகள் 1991-இல், ஆங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் பியர்ஸ் 1993-இல், பிரஸ்பிட்டேரியன்கள் 1994-இல். கத்தோலிக்கத் தலைமை மட்டும் 2022 வரை காக்கவைத்தது. ஓராண்டுக்குள் போப் கனடா மண்ணுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உண்மை ஆணையம் 2015-இல் சொல்லியிருந்தது. ஏழு ஆண்டுகளில் எத்தனை முதியவர்கள் காத்திருந்து செத்திருப்பார்கள். 2022 ஜூலை 25 அன்று ஆல்பர்ட்டாவின் மஸ்குவாசிஸில் போப் பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் வந்தார், கேட்டார். அந்த முதியவரின் வருத்தம் பொய் என்று நான் நினைக்கவில்லை. பல கிறித்தவர்கள் செய்த தீமைக்காக மன்னிப்பு என்பதே அன்றைய உரையின் மையம். ஆணையத்தின் தலைவராக இருந்த மறே சின்க்ளேர் உடனே குறையைச் சுட்டினார்: திருச்சபை ஒரு நிறுவனமாக இதில் வகித்த பங்கு எங்கே? தனி மனிதர்கள் தவறினார்கள் என்றால் நிறுவனம் தூய்மையாகவே நின்றுவிடுகிறது. தூய்மையான நிறுவனம் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

திருப்பித் தருவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவர்கள் பெரியாரைப் படிக்க வேண்டியதில்லை, லூக்கா எழுதியதைப் படித்தால் போதும். குட்டையான வரிவசூல்காரன் சக்கேயு மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்த கதையை ஞாயிறு மறைக்கல்வியில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அவன் அழுததாகக் கதையில் இல்லை. மன்னியுங்கள் என்று சொன்னதாகவும் இல்லை. எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்கு. நம்பிக்கையில்லாத எனக்கும் அந்த மனிதனைப் பிடிக்கிறது.

கனடாக் கத்தோலிக்க அமைப்புகளின் கணக்கு இப்படி இருந்தது. விடுதிப் பள்ளி இழப்பீட்டுக்கான 2006 ஒப்பந்தப்படி 2.9 கோடி டாலர் ரொக்கம், 2.5 கோடி டாலர் மதிப்பில் சேவை, இன்னொரு 2.5 கோடியை மக்களிடம் திரட்ட முழு முயற்சி. திரட்டியது 40 லட்சத்துக்கும் குறைவு. 2015-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டு மீதிக் கடப்பாட்டிலிருந்து வெளியே வந்தார்கள். அதே ஆண்டுகளில் சாஸ்கட்டூன் மறைமாவட்டத்தில் 2.8 கோடி டாலருக்கும் மேல் செலவில் புதிய பேராலயம் எழுந்தது. கண்ணாடி, கோபுரம் எல்லாவற்றுக்கும் மக்கள் கொடுத்தார்கள். அதே மக்களிடம், அதே ஆயர்கள், அதே வேகத்தில் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்களா? 2021-இல் கம்லூப்ஸ் விடுதிப் பள்ளியின் அருகே புதைகுழிகள் இருக்கலாம் என்ற செய்தி உலகை உலுக்கிய பிறகுதான், ஐந்து ஆண்டுகளில் 3 கோடி டாலர் தருவதாக ஆயர்கள் அறிவித்தார்கள். மறுபக்கம் ஆங்கிலிக்கன் சபையின் கரிபூ மறைமாவட்டம். லிட்டன் நகர விடுதிப் பள்ளியின் கொடுமைகள் குறித்த வழக்குகளில் அதன் கையிருப்பெல்லாம் கரைந்து 2001 இறுதியில் கலைந்தே போனது. வானம் இடிந்து விழவில்லை. அங்கிருந்த சிறு சபைகள் வேறு பெயரில் கூடி ஜெபித்துக்கொண்டுதான் இருந்தன. மறைமாவட்டம் இல்லாமலும் கடவுளை வணங்கலாம் என்பதை அவர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

நிலத்தின் கதை இதைவிட ஆழமானது. கிறித்தவர் அல்லாதவரின் மண்ணைக் கிறித்தவ மன்னர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு 1452, 1455, 1493-ஆம் ஆண்டுகளின் போப் ஆணைகள் துணை நின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1823-இல் அந்த எண்ணத்தைச் சட்டமாகவே ஆக்கியது. கனடாச் சட்டமும் அதே தடத்தில் போனது. 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான் இந்தக் கோட்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த அறிக்கையிலேயே, அந்த ஆணைகள் ஒருபோதும் விசுவாசத்தின் வெளிப்பாடாகக் கருதப்பட்டதில்லை என்றும், காலனி அரசுகள் தம் நோக்கத்துக்கு வளைத்துக்கொண்டன என்றும் சொல்லிக்கொண்டது. கையெழுத்திட்டவர் போப், முத்திரை வத்திக்கானுடையது. தவறு மட்டும் வாங்கிப் படித்தவனுடையதா? 2025 நவம்பரில், 1925 கண்காட்சிக்காக ரோமுக்குப் போன பொருட்களில் 62-ஐ, ஒரு பழைய கயாக் படகு உட்பட, போப் லியோ கனடா ஆயர்களிடம் கொடையாக ஒப்படைத்தார், தொல்குடிகளிடம் சேர்ப்பதற்காக. படகு வீடு திரும்பியதில் மகிழ்ச்சி. அது ஆயர் கை வழியாகக் கொடையாக வர வேண்டிய அவசியம் எனக்குப் புரியவில்லை.

கம்லூப்ஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2021-இல் அங்கே ரேடார் கருவி காட்டியவை புதைகுழிகளாக இருக்கக்கூடிய ஏறத்தாழ 200 இடங்கள். தோண்டிப் பார்த்து உறுதி செய்யப்பட்டவை அல்ல. இதைத் தெளிவாகச் சொல்வது பகுத்தறிவின் கடமை. தோண்டுவதா வேண்டாமா என்பது அந்த மக்களின் முடிவு. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, எல்லாமே கட்டுக்கதை என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. விடுதிப் பள்ளிகளில் இறந்ததாகத் தேசிய உண்மை, நல்லிணக்க மையம் பதிந்து வைத்திருக்கும் 4,100-க்கு மேற்பட்ட பிள்ளைகள் ரேடாரில் தெரிந்தவர்கள் அல்லர். பள்ளிகளின், அரசின், திருச்சபைகளின் ஏடுகளிலிருந்து எழுந்து வந்தவர்கள். இன்னும் திறக்காத ஏடுகள் இருக்கும்வரை அந்த எண் முடிந்த எண்ணாகாது. ஆவணங்களைத் திறப்பதற்குப் பணம்கூட வேண்டாம், மனம் இருந்தால் போதும். அதற்கே முப்பது ஆண்டுகள் இழுத்தடித்தார்கள்.

தொல்குடிகளில் கணிசமானோர் இன்றும் கிறித்தவர்களே. மஸ்குவாசிஸில் போப்பின் தலையில் இறகுக் கிரீடம் வைத்த வில்டன் லிட்டில்சைல்ட், அந்த ஊர் விடுதிப் பள்ளியில் துன்பப்பட்டவர், ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தவர். அவர் மனம் ஏற்றது. அதே கிரீடத்தைக் கண்டு கொதித்தவர்களும் அங்கே இருந்தார்கள். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. உன் மதத்தை விட்டுவிட்டு வா, அப்போதுதான் உனக்கு விடுதலை என்று நான் அவர்களிடம் சொன்னால், அந்தப் பள்ளிகளில் இன்னொரு வாத்தியார் சேர்ந்தார் என்றே ஆகும்.

என் கேள்வி நம்மவர்களுக்கு. டொரொண்டோவைச் சுற்றி ஆயிரக்கணக்கான தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்கின்றன. பத்திரிசியாரில் படித்தவர்கள் அவர்களில் பலர். மொழிக்காக அடிபடுவதும், பிள்ளையைத் தேடி அலைவதும், ஆணையங்களின் முன் நின்று எங்கே புதைத்தீர்கள் என்று கேட்பதும் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சபை மக்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆணையம் திருச்சபைகளைக் கேட்டுப் பத்தாண்டு தாண்டிவிட்டது. தமிழ்த் திருப்பலி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பங்குக் குருவிடம் கேளுங்கள்: நம் மறைமாவட்டம் அந்த 3 கோடியில் எவ்வளவு கொடுத்தது? நம் ஊரில் நமக்குப் பள்ளி கட்டிய சபை, இங்கே நடத்திய பள்ளிகளின் ஏடுகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டதா? இல்லையென்றால், யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்?